சங்கத்து விருது விழா: விருது வாங்குகிறவர் சாப்பிட்டுவிட்டுப் போக என்ன வழி?

கரிசல்காரன் | டிசம்பர் 4, இரவு 10:12

வணக்கம். கரிசல் பக்கம் ஒரு தாலுகா ஊர். ஊர்ப் பெயரும் வேண்டாம், சங்கத்தின் பெயரும் வேண்டாம். இங்கே எங்கள் ஆட்களும் படிப்பார்கள். ரோட்டரி சங்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த வருஷம் என்னைத் தொழில்சேவை இயக்குநராகப் போட்டிருக்கிறார்கள். பதவி கேட்கப் பெரிதாக இருக்கும், வேலை ஒன்றே ஒன்றுதான். ஜனவரியில் ஊர்க்காரர்கள் ஆறு பேரைத் தேடிப் பிடித்து, ராத்திரிச் சாப்பாட்டோடு விழா வைத்து விருது கொடுக்க வேண்டும்.

போன வருஷ விழாவில் நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவன். பேருந்து நிலையத்தைக் கூட்டுகிற அம்மா ஒருவருக்கு விருது. 6 மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். 5:45க்கே வந்துவிட்டார், பட்டுச்சேலை கட்டி, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு. விழா தொடங்கியது 7:40. அவர் பெயரைக் கூப்பிட்டபோது மணி 9:25. மேடையில் ஒன்றரை நிமிடம் நின்றிருப்பார். இறங்கியதும், கடைசி டவுன் பஸ் 9:40 என்று பேத்தியை இழுத்துக்கொண்டு ஓடினார். சாப்பாட்டுக் கூடத்தை அப்போதுதான் திறந்தார்கள். ஷீல்டு நாற்காலியிலேயே கிடந்தது. அதை எங்கள் செயலாளர் கார் டிக்கியில் போட்டார், மூன்று வாரம் அங்கேயே இருந்தது. கடைசியில் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அன்னைக்குப் பிள்ளைக்குப் பசி சார், அதான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்புறம் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். மொத்தச் செலவு 92,000 ரூபாய். விருது பெற்ற ஆறு பேருக்கு ஷீல்டு 850 வீதம் 5,100, பொன்னாடை 180 வீதம் 1,080. ஆக 6,180. நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட அவர்களுக்குப் போகவில்லை. மேடைக்குப் பின்னால் கட்டிய ஃப்ளெக்ஸுக்கும் பூவுக்கும் மட்டும் 14,000.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. விழா நடத்தியவர்கள், விருது வாங்கியவர்கள், பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

மணியடிச்சவர் | டிசம்பர் 4, இரவு 11:31

தம்பி, 31 வருஷமாக ரோட்டரியில் இருக்கிறேன். இரண்டு முறை தலைவர். கூட்டம் தொடங்கத் தலைவர் அடிக்கிற மேசை மணியை அடித்து அடித்தே இங்கே இந்தப் பெயர் வைத்துக்கொண்டேன்.

9:25 எப்படி ஆனது என்று நேரில் பார்க்காமலே சொல்கிறேன். மணி அடித்தது. இறைவணக்கம். நான்கு வழிச் சோதனை (ரோட்டரிக்காரர்கள் தங்களையே கேட்டுக்கொள்கிற நாலு கேள்வி) வாசிப்பு. தலைவர் வரவேற்பு. செயலாளர் அறிக்கை. அந்த வாரம் பிறந்தநாள், கல்யாண நாள் வந்தவர்களுக்கு வாழ்த்து, அதற்கு ஆன்ஸ் எல்லோரும் மேடையேறி ஒரு போட்டோ. (வெளியாட்களுக்காக: உறுப்பினரின் மனைவியை இங்கே 'ஆன்' என்பார்கள், பிள்ளைகளை 'ஆனெட்'. அது தனிக் கதை.) புது உறுப்பினருக்குச் சட்டையில் பின் குத்தல். ரோட்டரி மாவட்டத்தின் உதவி ஆளுநர் பேச்சு. சிறப்பு விருந்தினர் அறிமுகம் இரண்டு பக்கம். அதில் விட்டுப்போனதை அவரே பேசிய இருபது நிமிடம். ஸ்பான்சர்களுக்குப் பொன்னாடை. அதற்கப்புறம் விருது. சரியா?

இதில் பாதி, வாரக் கூட்டத்தின் சாமான். வாரக் கூட்டத்தையும் ஊர் விழாவையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டால் மண்டப வாடகை மிச்சம் என்று யாரோ ஒரு காலத்தில் ஆரம்பித்தார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. பிரித்துவிடு. விழா அன்றைக்கு மணியே வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்து, இரண்டு நிமிட வரவேற்பு, உடனே முதல் விருது. மற்றவர்கள் பேசுவதெல்லாம் கடைசி விருதுக்கு அப்புறம்.

இன்னொன்று. ஜனவரியில் ஏன் இந்த விருது என்று உன் சங்கத்திலேயே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ரோட்டரிக்கு ஜனவரி தொழில்சேவை மாதம். 1905 பிப்ரவரி 23ஆம் தேதி சிகாகோவில் முதலில் உட்கார்ந்து பேசிய நாலு பேர் ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர். வக்கீல்தான் பால் ஹாரிஸ். ஒருவர் அலுவலகம் மாற்றி ஒருவர் அலுவலகம் என்று முறை வைத்துக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பதுதான் ஆரம்பகால விதி. உன் சங்கத்தில் இப்போது எத்தனை தையல்காரர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். எங்கள் சங்கத்தில் ஒருவரும் இல்லை. ஜவுளிக்கடை முதலாளிகள் ஐந்து பேர்.

கடைசிவரிசை | டிசம்பர் 5, காலை 7:05

தோழர், கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். இந்த விழா யாருக்கு? வருஷம் பூராவும் அந்த அம்மா கூட்டிய இடத்தில் வெற்றிலை துப்பிவிட்டு, ஒரு நாள் மட்டும் பட்டுச்சேலை கட்டி வரவைத்து, நடுவில் நிற்க வைத்து, பத்துப் பேர் பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்து, மறுநாள் பேப்பரில் "சங்கம் சார்பில் கௌரவிப்பு" என்று போட்டுக்கொள்வது. அந்தம்மாவுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, கையுறை இருக்கிறதா என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

உங்கள் ரோட்டரியின் போலியோ ஒழிப்பும் அப்படித்தான். வீடு வீடாக நடந்து சொட்டு மருந்து போட்டது அங்கன்வாடி அக்காவும் கிராம செவிலியரும். பக்கத்தில் மஞ்சள் பனியனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டது நீங்கள்.

மணியடிச்சவர் | டிசம்பர் 5, காலை 9:48

கோபம் இல்லை. மஞ்சள் பனியன் எனக்கும் இருந்தது, பீரோவில் இன்னும் இருக்கிறது.

போலியோவில் மட்டும் ஒரு திருத்தம். ரோட்டரி 1985இல் உலக அளவில் அதைக் கையில் எடுத்தபோது வருஷத்துக்கு வருஷம் பணம் திரட்டினது நிஜம், மத்திய மாநில அரசுகளைப் போய்த் தட்டினது நிஜம். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி ஹவுராவில் ஒரு குழந்தை, 2011 ஜனவரி. 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்கும் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கும் உலக சுகாதார நிறுவனம் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தது. நடந்தவர்கள் யார் என்று கேட்டால் நீங்கள் சொன்னதுதான் சரி. எங்கள் சங்கத்தில் இதுவரை ஒரு கிராம செவிலியருக்கும் விருது கொடுத்ததில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

தையல்நூல் | டிசம்பர் 5, மதியம் 1:20

என் அப்பா விருது வாங்கியவர். வேறு மாவட்டம், வேறு சங்கம், ஏழு வருஷம் ஆகிறது. பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அவருக்கு. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் என்பார்கள். விடியற்காலை 4 மணிக்கு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். மேலே குறுக்குக் கம்பி இருக்கும். தெருவுக்குத் தெரு குழிக்குள் அதை விட்டுத் திருகித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும்.

விழாவில் அவர் பெயரின் இனிஷியலை மாற்றிப் போட்டிருந்தார்கள். ஷீல்டில் தாத்தாவுக்குப் பதில் வேறு யாரோ. போட்டோ வந்தது, மொத்தம் பதினாலு பேர். அப்பாவின் இடது காது மட்டும் தெரிகிறது. இதை வைத்து நாங்கள் இன்றைக்கும் வீட்டில் சிரிப்போம், அதனால் வருத்தமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். சாப்பிடும்போது ஒரு வெள்ளைச் சட்டைப் பெரியவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பீர்கள், மேட்டுத்தெருவுக்கு எப்படி ஏற்றுவீர்கள், ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்பா இலையில் சாம்பாரை வைத்தே தெரு வரைந்து காட்டினார். கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஷீல்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெரியவர் மேட்டுத்தெருவைப் பற்றிக் கேட்டதைத்தான் இரண்டு முறை சொன்னார்.

மேடையில் நீங்கள் எழுதி வைத்து வாசிக்கிற பாராட்டுரையில் "தன்னலம் கருதாத", "அயராது உழைக்கும்" என்று வரும். ஆளை மாற்றினாலும் அந்தக் காகிதம் பொருந்தும். அதை விட்டுவிட்டு வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள் அண்ணா. அவரே பேசட்டும்.

பந்திக்காரர் | டிசம்பர் 5, மாலை 4:02

சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். ரோட்டரி, லயன்ஸ், ஜேசீஸ், நகைக்கடைத் திறப்பு எல்லாம் பார்த்தாயிற்று. என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

8 மணிக்குச் சாப்பாடு என்று சொல்லுவார்கள். 7:30க்கு எல்லாம் தயாராக வைத்திருப்பேன். 9:45க்குக் கூடம் திறக்கும். அதற்குள் பூரி தோலாகிவிடும், பன்னீர் ரப்பராகிவிடும். "என்னய்யா சமையல் இது" என்று என்னைத்தான் கேட்பார்கள். சரி, அது என் தலையெழுத்து.

பஃபேயில் விருது வாங்கியவர் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் ஷீல்டு, தோளில் வழுக்குகிற பொன்னாடை, இன்னொரு கையில் தட்டு. கரண்டியை எந்தக் கையால் எடுப்பது? வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் கோட்டு சூட்டு. ஓரமாக ஒதுங்கி நின்று, தயிர்சாதம் மட்டும் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கோபி மஞ்சூரியன் பக்கமே வரமாட்டார்கள்.

அதனால் இலை போடுங்கள். மேசை நாற்காலி போட்டு, வாழை இலை. முதல் பந்தி விருது வாங்கியவர்களுக்கும் அவர்கள் வீட்டு ஆட்களுக்கும். ஒருவருக்கு இரண்டு பேர் என்று அழைப்பிதழில் கட்டுப்படுத்தாதீர்கள். வருவது என்னவோ நாலு பேர்தான், ஆனால் "குடும்பத்தோடு" என்று போட்டால்தான் அந்த நாலு பேராவது வருவார்கள். நேரமானவர்களுக்குப் பார்சல் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். விருதுக்கு அழைத்துவிட்டுப் பார்சலா? உட்கார வைத்துப் போடுங்கள்.

சிங்கக்கூட்டம் | டிசம்பர் 5, இரவு 8:37

லயன்ஸ்காரன் உள்ளே வரலாமா? 1917இல் நாங்களும் அதே சிகாகோவில்தான் பிறந்தோம். ஒரு இன்ஷூரன்ஸ்காரர் ஆரம்பித்தது, மெல்வின் ஜோன்ஸ். 1925இல் ஹெலன் கெல்லர் எங்கள் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் முகாம் எங்கள் கழுத்தில். நல்ல வேலைதான்.

ஆளைத் தேடுவது பற்றி. சங்கக் கூட்டத்தில் "பெயர் சொல்லுங்கள்" என்றால் என்ன வரும் தெரியுமா? ஒருவருடைய மைத்துனர், இன்னொருவருடைய ஆடிட்டர், மூன்றாமவர் பிள்ளை படிக்கிற பள்ளியின் தாளாளர். நாங்கள் மூன்று வருஷமாக வேறு மாதிரி செய்கிறோம். காலை 5 மணிக்கு விழித்திருப்பவர்களைப் போய்க் கேட்கிறோம். பால்காரர், பேப்பர் போடுகிற பையன், பஸ் ஸ்டாண்டு டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு. "இந்த ஊரில் ஒரு நாள் லீவு போட்டால் ஊரே திண்டாடும், அப்படி யார் இருக்கிறார்கள்?" இதுதான் கேள்வி. ஒரே பெயரை மூன்று இடத்தில் சொன்னால் எழுதிக்கொள்வோம். போன வருஷம் அப்படிக் கிடைத்தவர், எங்கள் ரயில்வே கேட் அருகே மழைத் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் கம்பியால் குத்தி அடைப்பெடுக்கிற ஒரு பெட்டிக்கடைக்காரர். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை.

இன்னொரு சந்தேகம். ரோட்டரியில் பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்று கழுத்தில் மெடல் போடுகிறார்களே, அதை இந்த மாதிரி ஆட்களுக்குக் கொடுக்க மாட்டீர்களா?

மணியடிச்சவர் | டிசம்பர் 5, இரவு 9:15

வாருங்கள், சிங்கம். அது வேறு கணக்கு. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தால், அல்லது ஒருவர் பெயரில் கொடுத்தால், அந்தப் பெயருக்குக் கிடைப்பது பால் ஹாரிஸ் ஃபெல்லோ. உங்கள் மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோவும் அதே 1,000 டாலர்தானே. வெளியாள் பெயரில் சங்கம் பணம் கட்டி அந்த மெடலைப் போடலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டு கூட்டுகிற அம்மா கழுத்தில் அதைப் போட்டு, "உங்கள் பெயரில் அமெரிக்காவுக்கு இவ்வளவு ரூபாய் அனுப்பியிருக்கிறோம்" என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தபால்பை | டிசம்பர் 6, காலை 6:40

ஓய்வுபெற்ற தபால்காரன். யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. விருது பெறுகிறவர் அரசு ஊழியரா என்று முதலில் பாருங்கள்.

மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, அதில் 14ஆவது விதி. முன் அனுமதி இல்லாமல் பாராட்டு மடல் பெறக் கூடாது, தன்னைப் பாராட்டி நடத்துகிற கூட்டத்துக்கோ விருந்துக்கோ போகக் கூடாது. எளிமையான, செலவில்லாத நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் 92,000 ரூபாய் விழா எளிமையானது என்று எந்த மேலதிகாரியிடம் போய் வாதாடுவது? மாநில அரசு ஊழியர்களுக்கும் அவர்களுக்கென்று நடத்தை விதி இருக்கிறது.

என்னை ஒரு சங்கத்தில் கூப்பிட்டார்கள். அழைப்பிதழ் அச்சடித்து, ஃப்ளெக்ஸில் என் படம் போட்டு, விழாவுக்கு முந்தின நாள் வந்து சொன்னார்கள். அனுமதி கேட்க நேரம் இல்லை. நான் போகவில்லை. திமிர் பிடித்தவன் என்று ஊரில் பேசினார்கள். ஒரு மாதம் முன்னாலேயே அவருடைய மேலதிகாரிக்குச் சங்கத்தின் கடிதத் தாளில் எழுதிக் கொடுங்கள். பணமுடிப்பு வேண்டாம், அதற்குத் தனி விதி. அப்புறம், அவர் ஷிப்டையும் கேளுங்கள்.

யாழ்முற்றம் | டிசம்பர் 6, முற்பகல் 11:10

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கமும் உதே பிரச்சினைதான் அண்ணை, அழைப்பிதழில "இராப்போசனம்" எண்டு அழகாப் போடுவினம், சனம் பத்து மணிக்குத்தான் சாப்பாட்டைக் காணும். போன முறை நாங்கள் கௌரவிப்பை ஞாயிறு காலமை வைச்சு, மத்தியானச் சாப்பாட்டோட முடிச்சம். வயது போன ஆக்கள் கூடுதலா வந்தவை. உங்களுக்குத் தோதெண்டால் யோசிச்சுப் பாருங்கோ.

2015-16இல ரோட்டரியின் உலகத் தலைவரா இருந்தவர் கொழும்பைச் சேர்ந்த ரவீந்திரன், அது எங்களுக்கு ஒரு பெருமை. அந்த வருச வாசகமே உலகத்துக்குப் பரிசா இருங்கோ எண்டதுதான்.

தமிழையா | டிசம்பர் 6, மாலை 5:55

பரிசில் கொடுக்கத் தாமதமானால் புலவன் எழுந்து நின்று "எப்போது தருவாய்" என்று பாடுவதற்குச் சங்க காலப் புறப்பாட்டில் தனித் துறையே, பெயரோடு இருக்கிறது, பரிசில் கடாநிலை. ஆக, இந்த 9:25 புதிய வியாதி இல்லை.

ஆனால் அதே மரபில்தான் இன்னொன்றும் இருக்கிறது. புலவர் மோசிகீரனார் களைத்து வந்தவர், அரசனின் முரசை வைக்கிற முரசு கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டுண்டு போயிருக்க வேண்டிய குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை பக்கத்தில் நின்று கவரி வீசினான். பொன்னாடை போர்த்தவில்லை, உரை வாசிக்கவில்லை. முதலில் அந்த ஆள் தூங்கட்டும் என்று விட்டான். உங்கள் விழாவில் அந்தம்மாவின் பேத்திக்கு 7 மணிக்கு இரண்டு இட்லி கொடுத்திருந்தால் கவரி வீசினது போல இருந்திருக்கும்.

கரிசல்காரன் | டிசம்பர் 14, இரவு 10:50

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதம், கமிட்டிக் கூட்டம் இரண்டு முடிந்துதான் வருகிறேன்.

நடந்தது: வாரக் கூட்டத்தைப் பிரிக்க ஒத்துக்கொண்டார்கள். 5:30க்குத் தொடக்கம், 7 மணிக்கு இலை. மதியம் வைக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் ஊரில் பாதிக் கடை திறந்திருக்கும். ஆறு பேர் என்பதை நான்காகக் குறைத்தோம். ஃப்ளெக்ஸ் ஒன்றே ஒன்று, வாசலில் மட்டும்.

மாட்டிக்கொண்ட இடம் ஸ்பான்சர். நகைக்கடைக்காரர் ஒருவர் 25,000 தருகிறார். மேடையில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலி, பொன்னாடை, ஐந்து நிமிடப் பேச்சு, இது வருஷா வருஷம் நடப்பது. வேண்டாம் என்றால் பணம் போய்விடும் என்று பொருளாளர் பயப்படுகிறார். என்ன சொல்லட்டும்?

கடைசிவரிசை | டிசம்பர் 14, இரவு 11:02

நான்கு வழிச் சோதனை என்று மாதம் நாலு முறை வாசிக்கிறீர்களே, அதில் இரண்டாவது கேள்வி என்ன?

மணியடிச்சவர் | டிசம்பர் 15, காலை 6:15

"சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா?" சரியான அடி. 1932இல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர், திவாலாகப் போன ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த எழுதிய நாலு கேள்வி அது. வியாபாரத்துக்காக ஒரு வியாபாரி எழுதினது. நகைக்கடைக்காரரிடம் அப்படியே சொல்லிப் பார் தம்பி. ஆனால் அவரும் நம் விருந்தாளிதான், முகம் சுளிக்க வைத்துவிடாதே.

பந்திக்காரர் | டிசம்பர் 15, காலை 8:30

அண்ணாச்சி, ரொம்ப யோசிக்காதீர்கள். அவரைப் பந்தியில் நிறுத்துங்கள். பாயச வாளியைக் கையில் கொடுங்கள். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் "இன்னும் கொஞ்சம்" என்று வாளியோடு வருகிற மாதிரி. மேடையில் உட்கார்ந்தால் யார் கவனிக்கிறார்கள்? கையில் வாளியோடு வந்தால் ஒவ்வொரு இலையிலும் அவர் முகம்தான். வேண்டுமானால் அந்தப் போட்டோவைப் பேப்பருக்குக் கொடுங்கள்.

வாளியை மட்டும் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், பட்டுச் சட்டையில் சிந்தினால் சமையல்காரன் தலையில்தான் விடியும்.

கரிசல்காரன் | ஜனவரி 27, இரவு 9:20

விழா முடிந்தது. சொல்லாமல் விட்டால் பந்திக்காரர் சண்டைக்கு வருவார்.

நான்கு பேர் என்றேன், மேடைக்கு வந்தது மூன்று பேர். நாலாமவர் அரசு மருத்துவமனைப் பிணவறை உதவியாளர். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பூக்கடை மூன்று இடத்திலும் அவர் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் ஒரு ரூபாய் கேட்காமல் முகத்தைத் துடைத்து, தலை சீவி, துணி சுற்றிக் கொடுக்கிறவர். டிசம்பரிலேயே கடிதம் கொடுத்தோம். அனுமதி இன்னும் வரவில்லை. வந்ததும் வீட்டுக்கே போய்க் கொடுப்போம். தபால்பை ஐயா சொல்லாவிட்டால் அவரையும் மேடையேற்றிச் சிக்கலில் விட்டிருப்போம். இரண்டாவது விருது எங்கள் ஊர்த் தபால்காரருக்கு, அவருக்கு மட்டும் விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது.

5:30 என்றது 5:42 ஆனது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. போன வருஷம் என்றால் காத்திருப்போம். இந்தத் தடவை தலைவர் என்னைப் பார்த்தார், நான் மேடையைப் பார்த்தேன், ஆரம்பித்துவிட்டோம். அவர் இரண்டாவது விருதின்போது வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பேசச் சொன்னபோது மூன்றே நிமிடம்.

முதல் விருதைக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு அம்மா. போய்க் கேட்டபோது "மைக்ல பேசணுமா?" என்றார், வேண்டாம் என்றதும் ஒத்துக்கொண்டார். பேத்தியும் வந்தது. 5 மணிக்கே அதற்கு இட்லி, தமிழையாவின் கணக்கில்.

அந்த முதல் விருது ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியருக்கு. பாராட்டுரை வாசிக்கவில்லை. "சொட்டு மருந்து நாளில் பெட்டிக்குள் என்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேச ஆரம்பித்தார் பாருங்கள். நாலு ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். குப்பியின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம், அந்தக் குப்பியைத் தூரப் போட வேண்டும். கல்குவாரிப் பக்கம் ஒரு குடிசை, தொடர்ந்து மூன்று முறை கதவைச் சாத்தினார்களாம். நாலாவது முறை பெட்டியைத் திறந்து அந்த வட்டத்தையும் சதுரத்தையும் அந்த வீட்டுப் பாட்டியிடம் காட்டி விளக்கியிருக்கிறார். "அதுக்கப்புறம் அந்தப் பாட்டியே குப்பியை வாங்கிப் பார்த்துட்டுத்தான் பிள்ளைக்கு வாயைத் திறக்கச் சொல்லும்" என்றார். மண்டபம் சிரித்தது. எங்கள் சங்க டாக்டர்கள் இரண்டு பேர் முன் வரிசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், நிஜமாக.

மூன்றாமவர் சைக்கிள் பஞ்சர் கடை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்த மறுநாள் கடை முன்னால் வரிசை நிற்கும். பிரேக் பார்த்து, நட்டு முடுக்கி விடுவதற்குக் காசு வாங்க மாட்டார். "ஏன் வாங்குவதில்லை?" என்று கேட்டோம். "அன்னைக்கு வாங்கினா அப்புறம் பஞ்சர் ஒட்ட வேற கடைக்குப் போயிரும்ல" என்றார். அதோடு அவர் ஏற்புரை முடிந்தது.

பொன்னாடைக்குப் பதில் ஆளுக்கு ஒரு கைத்தறிப் போர்வை, ஒரு கிலோ கோவில்பட்டிக் கடலைமிட்டாய். ஷீல்டு வேண்டாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. செவிலியரம்மா "ஷீல்டு இல்லையா?" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டார்கள், சரி என்று வாங்கினோம். இனிஷியலை மூன்று பேர் சரிபார்த்தோம்.

7:10க்கு இலை. நகைக்கடைக்காரர் பாயச வாளியோடு வந்தார். முதல் ரெண்டு இலைக்குக் கூச்சம், அப்புறம் ஆளை நிறுத்த முடியவில்லை. பேத்திக்கு மூன்று முறை ஊற்றினார். 8:15க்கு எல்லோரும் கிளம்பியாயிற்று. மொத்தம் 71,000. மண்டபக்காரர் மட்டும் ஜெனரேட்டருக்கு டீசல் என்று தனியாக 2,000 கேட்டுக்கொண்டிருக்கிறார், கரண்ட் போகவே இல்லை.

பந்திக்காரர் | ஜனவரி 27, இரவு 9:41

டீசல் கொடுக்காதீர்கள். பாயசம் யார் வைத்தது? சேமியாவா, பருப்பா?

தையல்நூல் | ஜனவரி 27, இரவு 10:03

போட்டோவில் அவர்கள் முகம் தெரிகிறதா அண்ணா?

கரிசல்காரன் | ஜனவரி 27, இரவு 10:15

பருப்புப் பாயசம், உள்ளூர் ஆள்.

தெரிகிறதும்மா. மேடையில் மொத்தமே நாலு பேர்தான். பஞ்சர் கடைக்காரர் மட்டும் மூன்று படத்திலும் கண்ணை மூடியிருக்கிறார்.